மருமகள் பேசினால் மட்டும் கேட்காத காது

"மகன் சொன்னால் உடனே கேட்கிறது. நான் சொன்னால் மட்டும் கேட்பதில்லை. வேண்டுமென்றே செய்கிறார், டாக்டர்." மூன்று தலைமுறைகள் ஒன்றாக வாழும் வீடுகளிலிருந்து என்னிடம் வருகிற மருமகள்களில் பலர் ஏறக்குறைய இதே சொற்களில் குறைப்படுகிறார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாமியாருக்கும் ஒரு குறை உண்டு: "வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். என்னவென்று கேட்டால் கத்துகிறாள்."

இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதியோர் நல மருத்துவராக எனக்கு வருத்தம் தருவது இதுதான்: உடம்பில் நிகழும் மாற்றத்தைக் குணக்கேடு என்று முடிவு கட்டி, அதற்காகவே வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள் இருக்கின்றன.

வயதாகும்போது செவித்திறன் எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. உட்காதில் கீச்சொலிகளை உணரும் நுண்செல்கள்தான் முதலில் தேய்கின்றன. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை கேட்டுவிடும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ப, ஸ போன்ற ஒலிகள் மெலிந்தவை, அவை நழுவிவிடும். அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. ஆண்களின் தாழ்ந்த குரல் ஓரளவு பிடிபடும்போது, பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் பிடிபடாமல் போவது இதனால்தான். அதோடு, மகன் பெரும்பாலும் எதிரே உட்கார்ந்து பேசுகிறார். மருமகளோ வேலைக்கு நடுவே, அடுத்த அறையிலிருந்து, குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தத்தோடு பேசுகிறார்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தின் முன்னிலையில், அந்த அம்மாவிடம் ஒரு சிறிய சோதனை செய்தேன். என் உதடுகள் தெரியாதபடி ஒரு தாளால் மறைத்துக்கொண்டு "தட்டு" என்றேன். "கட்டு" என்றார். "பட்டு" என்றேன். அதற்கும் "கட்டு" என்றார், சற்றும் தயங்காமல். தாளை எடுத்துவிட்டு, அதே சொற்களை அதே குரலில் சொன்னேன். இரண்டையும் சரியாகச் சொன்னார். தன்னையறியாமல் இத்தனை நாளும் உதடுகளைப் பார்த்தே அவர் காலத்தை ஓட்டியிருக்கிறார். மருமகள் உடனே கேட்டார்: "அப்படியானால் நான் எப்படிப் பேச வேண்டும், டாக்டர்?"

முதலில் "அத்தை" என்று அழைத்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். கத்தாதீர்கள். கத்தும்போது குரல் இன்னும் கீச்சென்று உயர்கிறது, சொல்லும் சிதைகிறது. தேய்ந்த காதுக்கு உரத்த சத்தம் வலியாகவும் இருக்கும். அதனால்தான் "ஏன் கத்துகிறாய், எனக்குக் காது கேட்கும்" என்று அவர்கள் சீறுகிறார்கள். குரலைத் தாழ்த்தி, சற்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒரு முறை விளங்காவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்: "ஒன்றுமில்லை, விடுங்கள்." எல்லோரும் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்ட ஒருவருக்கு இந்தப் பதில் கிடைத்தால், அடுத்த முறை அவர் கேட்கமாட்டார். மெல்ல மெல்லக் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். பிறகு அதற்கும் "பெரியவருக்கு இப்போது யாரையும் பிடிப்பதில்லை" என்று வீட்டில் ஒரு விளக்கம் பிறந்துவிடும்.

60 வயதைக் கடந்தவர்களில் 25 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் அன்றாட வாழ்க்கையைச் செவித்திறன் குறைபாடு பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மறதி நோய்க்கான, நாம் தலையிட்டு மாற்றக்கூடிய காரணிகளுள் ஒன்றாகவும் இது கருதப்படுகிறது. எனவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். சில நேரங்களில் அழுக்கு அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும். கருவி தேவைப்பட்டால், அது பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே "இரைச்சலாக இருக்கிறது" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடும் கருவிகள் ஏராளம். அந்த வாரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் இருந்தால் போதும், பெரும்பாலானவர்கள் பழகிவிடுகிறார்கள்.

தூக்கத்திலும் இதே கதைதான். வயது கூடக் கூட உடலின் கடிகாரம் முன்னே நகர்கிறது. தாத்தா சீக்கிரம் உறங்கி, விடியும் முன்பே எழுந்துவிடுகிறார். பருவ வயதில் அது பின்னே நகர்கிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பேரனுக்கு இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் தேவை. விடுமுறை நாளில் அவன் காலையில் எழாமல் கிடப்பதைச் சோம்பேறித்தனம் என்று தாத்தா திட்டுவதும், தாத்தாவின் விடியற்காலை நடமாட்டத்தைத் தொல்லை என்று பேரன் முனகுவதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள். இரவில் கைப்பேசியைத் தள்ளிவைக்க வேண்டியது பேரனின் பொறுப்பு. வானொலிச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது தாத்தாவின் பொறுப்பு. இதை இருவரும் நேருக்கு நேர் பேசி முடிவு செய்யட்டும். இருவருக்கும் நடுவில் அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது.

எல்லா மனக்கசப்புக்கும் காதும் தூக்கமும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அடிப்பதற்கும் இழிவாகப் பேசுவதற்கும் வயது ஒரு சாக்கு ஆகாது. அங்கே தேவைப்படுவது விட்டுக்கொடுத்தல் அல்ல, பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நன்றாக இருந்த பெரியவர் ஓரிரு நாள்களில் திடீரென்று குழம்பிப் பேசினால், ஆளை மாற்றி அடையாளம் சொன்னால், அல்லது எப்போதும் அரைத்தூக்கத்தில் கிடந்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் பின்னால் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அதே அவசரம்தான். முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால், கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு கூடுதல்.