காற்று வீசாத நாளில் ஒரு விமானந்தாங்கி

1982 மே 2. தெற்கு அட்லான்டிக் கடலில் அர்ஜென்டினாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான வெய்ன்டிசின்கோ டி மாயோ, ஃபாக்லாந்து தீவுகளை மீட்க வந்த பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கத் தயாராக இருந்தது. ஸ்கைஹாக் விமானங்கள் குண்டுகளோடு பறக்க வேண்டும். ஆனால் காற்று வீசவில்லை. அந்தக் கடலில் அது அபூர்வம். தாக்குதலைக் கைவிட்டார்கள்.

காற்று இல்லாவிட்டால் போர் விமானம் எழும்பாதா? இறக்கையின் தூக்குவிசை, அதன்மேல் பாயும் காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் விமானத்தை ஏவும்போது கப்பல் எதிர்காற்றில் முழுவேகத்தில் ஓடுகிறது. கப்பலின் வேகம், காற்றின் வேகம், கவண்போல விமானத்தை இழுத்து வீசும் நீராவிப் பொறியின் வேகம் எல்லாம் சேர்ந்துதான் விமானத்தைத் தூக்குகின்றன. மொத்த வேகத்தில் 10 சதவீதம் குறைந்தால் தூக்குவிசையில் 19 சதவீதம் போய்விடும். 10 டன் எடையுள்ள விமானத்திலிருந்து 1.9 டன்னை இறக்கியாக வேண்டும். இறக்கையையோ இயந்திரத்தையோ கழற்ற முடியாது. குறைவதெல்லாம் குண்டும் எரிபொருளும்தான். குண்டைக் குறைத்தால் போகும் வேலை நடக்காது. எரிபொருளைக் குறைத்தால் போய்த் திரும்ப முடியாது.

இந்தச் சிக்கலைப் பணத்தால் தீர்க்கலாம். அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு சுமார் 1 லட்சம் டன் எடையுள்ள கப்பல். மின்காந்தக் கவண் கொண்டது. விலை ஏறத்தாழ 1,300 கோடி டாலர். அவ்வளவு பணம் இல்லாத நாடுகள் முனை மேல்நோக்கி வளைந்த தளத்தைக் கட்டுகின்றன. விமானம் தன் இயந்திர பலத்திலேயே ஓடி, எறிந்த பந்துபோல மேலே எழுந்து, மீதி வேகத்தை அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும். அழகான தீர்வு. ஆனால் பெரிய ரேடாரைச் சுமக்கும் கனமான கண்காணிப்பு விமானம் இப்படி எழும்பாது.

இந்தக் குறையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பூமி வளைந்திருப்பதால், 30 மீட்டர் உயரக் கம்பத்திலுள்ள ரேடாருக்கு அலையை ஒட்டி வரும் ஏவுகணை சுமார் 30 கிலோமீட்டரில்தான் தெரியும். அதற்குப் பிறகு கிடைப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். 8,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் ரேடாரோ 350 கிலோமீட்டருக்கு அப்பாலும் பார்க்கும். பிரிட்டன் தன் கடைசிப் பெரிய விமானந்தாங்கியை ஃபாக்லாந்து போருக்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் ஓய்வுக்கு அனுப்பியிருந்தது. கண்காணிப்பு விமானங்களும் அதோடு போயின. 1982 மே 4 அன்று அர்ஜென்டினாவின் எக்சோசெட் ஏவுகணை பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலைத் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள்.

ஆனாலும் ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்ற இரு சிறு விமானந்தாங்கிகள் இல்லாமல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மீட்டிருக்காது. மிக அருகிலிருந்த பிரிட்டிஷ் தளமான அசென்ஷன் தீவு 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கிருந்து ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் போய்வர, 11 எரிபொருள் விமானங்கள் பறக்க வேண்டியிருந்தது.

ஆகவே பட்ஜெட் சிறியதாக இருக்கும் நாடு முதலில் அளக்க வேண்டியது தூரத்தை. காக்க வேண்டிய கடல் சொந்த விமானத்தளத்துக்கு எட்டுமானால், நீர்மூழ்கிகளுக்கும் தளத்துக்கும் செலவழிப்பதே மேல் என்பேன். எட்டாதென்றால், காவல் கப்பல்கள், வானில் ரேடார், பழுதுபார்ப்புக் காலத்துக்கு இன்னொரு விமானந்தாங்கி என முழுச் செலவையும் ஏற்க வேண்டும். தாய்லாந்து 1997இல் சக்ரி நருபெத் என்ற சிறு விமானந்தாங்கியைப் படையில் சேர்த்தது. அதே ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. ஹாரியர் விமானங்கள் பராமரிப்பின்றி ஒவ்வொன்றாக முடங்க, 2006க்குள் அவை முற்றிலும் விலக்கப்பட்டன. கப்பலில் மிஞ்சியவை ஹெலிகாப்டர்கள்.

காற்றுக்காகக் காத்திருந்த அர்ஜென்டினக் கப்பல் என்ன ஆனது? அன்று மாலையே கான்கரர் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி, அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலை மூழ்கடித்தது. நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி விமானந்தாங்கி கரைக்குத் திரும்பி, போர் முடியும்வரை அங்கேயே இருந்தது. அதன் ஸ்கைஹாக்குகள் அர்ஜென்டினாவின் ரியோ கிராந்தே விமானத்தளத்துக்கு மாறின. மே 21 அன்று அங்கிருந்து கிளம்பிப் போய், ஆர்டென்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் குண்டுவீசித் தாக்கின. மறுநாள் அது மூழ்கியது.