பிளாஸ்டிக்தானே என்று வேக்யூம் தலையால் மேசைக் காலை இடிக்காதீர்கள்

பழுதுபார்க்க மறுபடியும் ஒரு மேசை வந்திருக்கிறது. மேல்பலகை புதிது போலப் பளபளக்கிறது. குனிந்து காலைப் பார்த்தால்தான் தெரிகிறது: தரையிலிருந்து நான்கு விரல்கடை உயரம் வரை பாலிஷ் அடியோடு போயிருக்கிறது. முனைகளில் வெறும் மரம், அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கீறல், நடுநடுவே கறுப்பு இழுப்புகள். நான்கு கால்களிலும் ஒரே மட்டம். கூடவே வரும் புகாரும் வழக்கமானதுதான்: "பாலிஷ் சரியில்லை, தானாக உரிகிறது."

தானாக உரியும் பாலிஷ் இப்படி மட்டம் பார்த்து உரியாது. உங்கள் வேக்யூம் கிளீனரின் தரைத் தலையை, அதாவது குழாயின் முனையில் தரையோடு ஓடும் அகலமான பிளாஸ்டிக் பாகத்தை, அந்தக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலையின் உயரமும் சேதத்தின் உயரமும் அச்சு அசலாகப் பொருந்தும். கதவு நிலை, சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பலகை, அலமாரியின் அடிச்சட்டம், கட்டில் கால் எல்லாவற்றிலும் இதே கதை. எங்கள் தொழிலில் இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "அது வெறும் பிளாஸ்டிக், இது நல்ல தேக்கு. பிளாஸ்டிக் மரத்தை என்ன செய்துவிடும்?"

இந்த ஒரு நினைப்புதான் பாதிச் சாமான்களைக் கெடுக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நீங்கள் இடிப்பது தேக்கை அல்ல, அதன்மேல் இருக்கும் பாலிஷ் படலத்தை. பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் பல கோட் அடித்தாலும் காய்ந்த பிறகு ஏறத்தாழ 0.1 மி.மீ.தான் தேறும். அரக்கில் செய்யும் ஸ்பிரிட் பாலிஷ் அதைவிட மெல்லியது. கூரான விளிம்புகளில் இன்னும் மோசம், ஏனென்றால் ஈரமாக இருக்கும்போதே பாலிஷ் விளிம்பை விட்டு இரண்டு பக்கமும் விலகிவிடும். அடி விழுவது முக்கால்வாசி அந்த விளிம்பில்தான். உள்ளே இருப்பது தேக்கா, ஈட்டியா, ரப்பர் மரமா என்பதற்கும் இந்தப் படலத்தின் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது, கீறுவது பிளாஸ்டிக் அல்ல, அதில் ஒட்டியிருக்கும் மணல். சுத்தமான பிளாஸ்டிக் மெதுவாக உரசினால் பெரும்பாலும் ஒரு கறுப்பு இழுப்போடு போகும், துடைத்தால் போய்விடும். ஆனால் தரையைக் கூட்டிக் கூட்டி அந்தத் தலையின் ஓரத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். சாதாரண மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7, ஜன்னல் கண்ணாடியே ஏறத்தாழ 5.5தான். கண்ணாடியைக் கீறும் துகளுக்குப் பாலிஷ் எம்மாத்திரம்? மணல் ஒட்டிய தலையால் காலை இடிப்பதும், உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி அதே இடத்தில் தேய்ப்பதும் ஒன்றுதான். மெதுவாகத்தானே தட்டினேன் என்பதும் கணக்கில் வராது. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், வாரா வாரம் விழும் சின்னத் தட்டல்தான் பாலிஷைக் கொல்கிறது.

படலம் விட்டுப்போன பிறகு மிச்ச வேலையை ஈரத்துணி பார்த்துக்கொள்ளும். வேக்யூம் போட்டு முடித்துத் தரையைத் துடைக்கிறீர்கள், மாப்பின் தண்ணீர் கீறல் வழியாக உள்ளே இறங்குகிறது, படலத்தின் ஓரம் தூக்குகிறது, வெளுக்கிறது. அடுத்த இடியில் சில்லாகப் பெயர்ந்து வருகிறது. ஸ்கர்டிங் எம்.டி.எஃப்.பில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) செய்ததாக இருந்தால் விளிம்பு உப்பிவிடும். உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு தப்பான வைத்தியம், மேசைக் காலில் ரப்பர் பட்டையோ செல்லோடேப்போ சுற்றிவைப்பது. தயவுசெய்து வேண்டாம். டேப்பை உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரலாம், ஸ்பிரிட் பாலிஷ் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். மென்மையான பி.வி.சி.யிலும் சிலவகை ரப்பரிலும் இளக்கத்துக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப்பசை கசிந்து லாக்கர் பூச்சை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். வேக்யூமின் ஹோஸை அலமாரிக் கதவில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்த இடத்திலும் வளையம் வளையமாக இதே தடம் விழும். மெத்தை கட்ட வேண்டியது இயந்திரத்துக்கு. சாமானுக்கு அல்ல.

அதைச் செய்வது பெரிய வித்தையில்லை. தலையைக் குழாயிலிருந்து கழற்றுங்கள். மின்கம்பி போகும் தலை என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், இல்லையென்றால் முன்னோரத்தையும் பக்க ஓரங்களையும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் தேய்க்கும் பிரஷ் வைத்துக் கழுவிக் காயவிடுங்கள். ஓரத்தை நகத்தால் தடவினால் வார்ப்பு சேரும் கோட்டில் மெல்லிய பிசிறு தட்டுப்படும், அதை 400 நம்பர் உப்புத்தாளில் இழைத்து மழுக்குங்கள். பிறகு ஸ்பிரிட்டால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, பின்பக்கம் பசை உள்ள, தண்ணீர் உறிஞ்சாத ஈவா ஃபோம் பட்டையை ஒட்டுங்கள். 3 முதல் 5 மி.மீ. தடிமன், 15 மி.மீ. அகலம் பெரும்பாலான தலைகளுக்குப் பொருந்தும். இரண்டு மூலைகளையும் ஒரே துண்டாகச் சுற்றி வாருங்கள். மூலையில் இணைப்பு வந்தால் முதலில் பெயர்வது அதுதான். பட்டையின் கீழ்விளிம்பு தரையைத் தொடாமல் 2 மி.மீ.யாவது மேலே நிற்கட்டும். முன்பக்கம் காற்று இழுக்கும் வாய் இருந்தால் அதை மூடாதீர்கள்.

ஃபெல்ட் (கம்பளி போன்ற தடித்த துணி) ஒட்டலாமா என்று கேட்பார்கள். நாற்காலிக் காலடியில் ஒட்டுவதற்கு ஃபெல்ட் நல்லது, இதற்கு நான் சொல்ல மாட்டேன். மணல் ஃபெல்ட்டுக்குள் புதைந்துகொள்ளும், துடைத்தாலும் வராது, சில வாரத்தில் ஃபெல்ட்டே கீறத் தொடங்கும். ஃபோமை ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தம். முன், கவனியுங்கள், பின் அல்ல. மூலையில் தேய்ந்து பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தால் பட்டையை மாற்றிவிடுங்கள்.

இனி ஓட்டும் விதம். கால், சட்டம், நிலை எதுவானாலும் ஒரு சாண் முன்னாலேயே பெரிய தலையை நிறுத்துங்கள். மிச்ச இடம் சின்ன பிரஷ்ஷின் வேலை. மேசைக்கு அடியில் போக வேண்டுமென்றால் நாற்காலிகளைத் தூக்கி வெளியே வையுங்கள். தரையோடு இழுக்காதீர்கள், கால் மூட்டு இளகும். அவற்றை மேசைமேல் கவிழ்ப்பதாக இருந்தால் அடியில் கெட்டியான போர்வை ஒன்று கட்டாயம். வெறும் மரத்தரையில் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிடுங்கள். அது மணலை உறிஞ்சுவதற்கு முன் நாலாபுறமும் விசிறியடிக்கும். சக்கரங்களில் முடி சுற்றி நின்றுபோயிருக்கிறதா, கல் சிக்கியிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். உருளாத சக்கரம் தரையில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

தலையை மட்டும் கவனித்து உடம்பை மறந்துவிடுவார்கள். ஹோஸைப் பிடித்து இழுத்தால் பின்னால் வரும் இயந்திரம் வளைவில் திரும்பாது, குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து கதவு நிலையில் மோதும். அறை மாறும்போது கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் செல்லுங்கள். மின்கம்பியும் சாதாரணமல்ல. மேசைக்காலைச் சுற்றிக் கொடுத்து இழுத்தால் விளிம்பில் அரத்தைப் போல அராவும், கடைசல் கால் என்றால் பள்ளத்துக்குள் புகுந்து வட்டமாகவே பாலிஷை எடுத்துவிடும். பிளக் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி விலகிக்கொண்டே போனால் கம்பி எப்போதும் உங்களுக்குப் பின்னால் கிடக்கும்.

ரோபோ வாங்கியவர்கள் இந்தப் பிரச்சினை தமக்கு இல்லை என்று நம்புகிறார்கள். எளிய ரகங்கள் பம்பர் தட்டிய பிறகுதான் திரும்பும், அதாவது தட்டுவதுதான் அதன் வழி தேடும் முறை. லேசர் உள்ளவை அந்த லேசர் சுழலும் உயரத்தில் இருப்பதைப் பார்க்கும். அதற்குக் கீழே தரையோடு ஓடும் நாற்காலிச் சட்டத்தைத் தவறவிடலாம். பம்பரிலும் மணல் ஒட்டும், அதையும் துடையுங்கள். பழைய சாமான், மெல்லிய கடைசல் கால் உள்ளவை இருக்கும் இடத்தைச் செயலியில் தடைப்பகுதியாகக் குறித்துவிடுங்கள். துடைக்கும் வசதியும் இருந்தால் கட்டாயம் குறியுங்கள், ஏனென்றால் ஈரத்துணியோடு அது காலடியில் நின்றுபோனால் நீங்கள் வரும்வரை மரம் தண்ணீர் குடிக்கும்.

சிற்ப வேலைப்பாடு, வினீர் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தாள்), பதிப்பு வேலை உள்ளவற்றுக்கு இன்னும் நிதானம் வேண்டும். இப்போதைய வினீர் பெரும்பாலும் 0.5 மி.மீ. சுற்றியே இருக்கிறது. ஓரம் சற்றே தூக்கியிருந்தால் காற்றின் இழுப்பே போதும், சில்லு பறந்து பைக்குள் போய்விடும். முதலில் விரல் நுனியால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். ஒட்டாத இடத்தில் சத்தம் பொள்ளென்று மாறும். அந்த இடத்தில் வேக்யூம் வேண்டவே வேண்டாம். மற்ற இடங்களில் இழுப்பைக் குறைந்த அளவில் வையுங்கள், கைப்பிடியில் காற்றுத் திறப்பு இருந்தால் திறந்துவிடுங்கள். குழாய் வாயில் நைலான் வலைத்துணியைக் கட்டி ரப்பர் வளையம் போடுங்கள். வாயை மரத்திலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளிப் பிடித்து, இன்னொரு கையில் மென்மையான ஆட்டுமுடி பிரஷ்ஷால் தூசியை அதை நோக்கித் தள்ளுங்கள். அருங்காட்சியகங்களில் மரப்பொருட்களைப் பேணுகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். சோபாவின் மெத்தை ஓரத்தை ஒடுங்கிய குழாயால் இழுக்கும்போது, குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே உங்கள் இரண்டு விரலை முட்டுக்கொடுங்கள். விரல் உரசலை உணரும், குழாய் உணராது.

மரக்காலுக்கு அடியில் மாவு போலவோ, கசகசா போல உருண்டையாகவோ தூள் கிடந்தால் இழுத்துத் தள்ளிவிட்டு மறந்துவிடாதீர்கள். பூச்சியோ கறையானோ இருப்பதற்கு அதுதான் முதல் தடயம். இடத்தைக் குறித்துவைத்துப் பிறகு சுத்தம் செய்யுங்கள்.

ஏற்கெனவே தடம் விழுந்துவிட்டதா? நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். தடுக்காமல் போனால் மேலே ஒட்டிய கறையாக இருக்கும், வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். மெலமைன் ஸ்பாஞ்ச் தொடாதீர்கள், அது மெல்ல அரைத்து மினுமினுப்பைக் கொன்றுவிடும். ஸ்பிரிட் பாலிஷ்மேல் ஸ்பிரிட்டும் சானிடைசரும் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். நகம் தடுத்தால் படலம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஈரம் படாமல் பார்த்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதற்குள் சிலிகான் கலந்த பளபளப்பு ஸ்பிரே அடித்துவிடாதீர்கள். பிறகு நாங்கள் போடும் புது கோட் அந்த இடத்தில் பிடிக்காமல் குழி குழியாக விலகி நிற்கும். பள்ளம் விழுந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைக்கச் சொல்லும் வைத்தியம் பாலிஷ் இல்லாத கெட்டி மரத்துக்கு மட்டுமே. வினீரில் பசை விடும், அரக்கில் வெளுக்கும், எம்.டி.எஃப். உப்பும்.

சில்லு பெயர்ந்து உள்ளே போயிருந்தால் இயந்திரத்தை அப்போதே நிறுத்தி, பையையோ தொட்டியையோ ஒரு வெள்ளைத் தாள்மேல் கொட்டித் தேடுங்கள். நகக்கண் அளவுத் துண்டானாலும் கிடைத்தால் எடுத்து உறையில் போட்டு, எந்தக் காலில், எந்தப் பக்கம் என்று மேலே எழுதிவையுங்கள். அதே மரத்தின் அதே ரேகை வேறெங்கும் கிடைக்காது. நொடியில் ஒட்டும் பசையால் நீங்களே ஒட்டிவிட வேண்டாம். அது ரேகைக்குள் ஊறிக் கறுக்கும், கோணலாக ஒட்டினால் திருத்தவும் முடியாது. துண்டு கையில் இருந்தால் அது எங்களுக்குச் சின்ன வேலை. இல்லையென்றால் அந்தப் பக்கம் முழுவதற்கும் புது வினீர் வெட்ட வேண்டிவரும்.