பார்ன் டோர்: கொட்டகைக் கதவா, தொங்குகதவா?

வீட்டு அலங்காரப் படங்களில் அடிக்கடி கண்ணில் படும் கதவு இது. நிலைக்குள் அடங்காது. சுவருக்கு வெளியே, வாசலுக்கு மேல் பதித்த இரும்புத் தண்டவாளத்தில் இரண்டு சக்கரங்களைப் பிடித்துத் தொங்கும். தள்ளினால் சுவரை ஒட்டி நகரும். ஆங்கிலத்தில் பார்ன் டோர். அகராதியைப் புரட்டினால் ‘கொட்டகைக் கதவு’ என்றோ ‘களஞ்சியக் கதவு’ என்றோ எழுதத் தோன்றும். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘பெரெ’ என்றால் வாற்கோதுமை, ‘ஏர்ன்’ என்றால் வீடு. இரண்டும் சேர்ந்து, தேய்ந்து, ‘பார்ன்’ ஆயிற்று. ‘பார்லி’ என்ற சொல்லின் தலையில் இருப்பதும் அதே ‘பெரெ’தான். ஆக, பிறக்கும்போது அது தானிய வீடு. அமெரிக்கப் பண்ணைகளிலோ வைக்கோல், மாடு, குதிரை, வண்டி எல்லாம் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. வைக்கோல் வண்டி நுழைய வேண்டுமென்றால் வாசல் அகலமாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கதவைக் கீலில் மாட்டினால் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். காற்று வாரி அடிக்கும். வெளியே பனி குவிந்தால் திறக்கவே முடியாது. மேலே தண்டவாளம் போட்டு ஓரமாகத் தள்ளுவது இதற்கெல்லாம் வழியானது. (படப்பிடிப்பு விளக்கின் முன்னால் இருக்கும் தகட்டு மடல்களுக்கும் பார்ன் டோர் என்றுதான் பெயர். அவை கீலில் திறப்பவை. பழைய கீல் கதவின் ஞாபகம் போலும்.)

நம் ஊரில் தானியம் குதிரிலும் பத்தாயத்திலும் கிடந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பெரும்பாலும் கதவே கிடையாது, இருந்தால் ஒரு படல். அதனால் ‘கொட்டகைக் கதவு’ என்று படிக்கும் தமிழருக்கு இந்தக் கதவு கண்ணில் வராது. சரி, ‘நகர்கதவு’ என்றால்? பால்கனியில் கீழ்த்தடத்தில் ஓடும் அலுமினியக் கதவும் நகர்கதவுதானே. இதைப் பிரித்துக் காட்டுவது தொங்கல்தான். எனவே ‘தொங்குகதவு’ என்பதே என் தேர்வு. பழந்தமிழில் தொங்குவதற்குத் ‘தூங்கு’ என்றும் சொல் உண்டு; அந்தரத்தில் நின்ற கோட்டை தூங்கெயில். ஆனால் இன்று ‘தூங்குகதவு’ என்று எழுதினால் ஆசாரியே சிரிப்பார்.

பெயரில் தொங்கல் இருந்தால் மரம் எடுக்கும்போது எடையும் ஞாபகத்துக்கு வரும். 3 அடி அகலம், 7 அடி உயரம், ஒன்றரை அங்குலக் கனத்தில் தேக்குக் கதவு செய்தால் 48 கிலோவுக்குக் கிட்ட வரும். அத்தனையும் சுவரில் இறங்கிய சில போல்ட்டுகளின் தலையில். பைன் இதைவிட லேசு. ஆனால் அதன் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து, வெள்ளை பெயின்ட்டில் மஞ்சள் வட்டம் வட்டமாகத் தெரியும். முதலில் கணுவின் மேல் அரக்குக் கரைசல் பூசிவிட வேண்டும். கதவின் அகலம் வாசலைவிட இருபுறமும் இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். அப்படியும் சுவருக்கும் பலகைக்கும் நடுவே சந்து இருக்கத்தான் செய்யும். சத்தமும் வாசனையும் அந்த வழியாகப் போய்விடும். குளியலறைக்கு இதை வைக்கிறவர்களின் துணிச்சல் எனக்கு இல்லை.

அக்கா வீட்டில் இப்படி ஒரு கதவு செய்தார்கள். உப்புத்தாளை 80-ஆம் எண் சொரசொரப்பில் தொடங்கி 120, 180 என்று நைசாக்கிக்கொண்டே தேய்த்து, கூடத்தைப் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் மூன்று கோட் பாலிஷ். சுவரைப் பார்க்கும் முதுகு பூச்சே இல்லாமல் வெறும் மரமாக நின்றது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று. ஐப்பசி மழையில் அந்த முதுகு மட்டும் ஈரத்தைக் குடித்து உப்ப, பலகை கிண்ணம் போல வளைந்து, தள்ளும்போதெல்லாம் சுவரில் ஒரு கோடு கிழித்தது. நிலைக்கதவாக இருந்தால் மூடும்போது சட்டம் கொஞ்சம் பிடித்துக்கொடுக்கும். தொங்குவதற்கு அந்தப் பிடி இல்லை. கழற்றி, வெயிலில் வைத்து, இழைத்து, இரண்டாம் முறை இரு முகத்துக்கும் ஒரே அளவு பூச்சு கொடுத்தார்கள். தலைப்பக்க, அடிப்பக்க விளிம்புகளுக்கும் சேர்த்து.