தீ எச்சரிக்கை பேனலின் 24 வோல்ட் எல்லோருக்கும் பொதுச்சொத்து அல்ல

ஐயப்ப பக்தர்களின் கூட்டம் தொடங்குவதற்கு முன்பாக, தீ எச்சரிக்கை அமைப்பை ஒருமுறை பார்த்துத் தருமாறு கன்னியாகுமரி லாட்ஜ்காரர்கள் அழைப்பதுண்டு. பேனலின் கதவைத் திறந்தால், வெளிக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் ஆக்ஸ் பவர் முனையில் நான்கைந்து வயர்களை ஒன்றாக முறுக்கித் திருகியிருப்பார்கள். கடற்காற்றில் செம்பு களிம்பேறியிருக்கும். வாசல் கதவின் காந்தப் பூட்டு, மாடிக் கேமரா என எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் மின்சாரம் போகும். கேட்டால், "24 வோல்ட்தானே சார், எங்கிருந்து எடுத்தால் என்ன?" என்பார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதே பதிலைக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே பார்க்க வேண்டியது வோல்ட்டை அல்ல. எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்பதைத்தான். கரண்ட் போன பிறகு 24 மணி நேரம் விழித்திருந்து, அதன் முடிவில் தீப்பிடித்தாலும் ஹூட்டர்களை (அபாய ஒலிப்பான்களை) ஒலிக்கச் செய்யும் அளவுக்குப் பேட்டரியில் சக்தி மிச்சமிருக்க வேண்டும் என்பதே வழக்கமான கணக்கு. பேனலும் டிடெக்டர்களும் சேர்ந்து 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் மணி ஆகும் என்பதால், 7 ஆம்பியர் மணி பேட்டரி அதைத் தாங்கிவிடும். அதே முனையில் தலா 250 மில்லி ஆம்பியர் எடுக்கும் பூட்டுகள் இரண்டை மாட்டினால் ஒரு நாள் தேவை 15.6 ஆம்பியர் மணியாகிறது. புத்தம் புதிய பேட்டரிகூடப் பதினொரு மணி நேரத்துக்குள் படுத்துவிடும். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருப்பதால் 14 ஆம்பியர் மணி கிடைக்கும் என்று வாதிடுபவர்களும் உண்டு. தொடராக இணைத்தால் வோல்ட்தான் இரட்டிப்பாகும், ஆம்பியர் மணி அதே 7தான் என்பதை ஐடிஐ முடித்தவர்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பின் நம் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததைப் பார்த்தவர்கள், ஜெனரேட்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் இந்தக் கணக்கைத் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது, பல பேனல்களில் இருவகை ஆக்ஸ் முனைகள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒன்றில் மின்சாரம் எப்போதும் இருக்கும். மற்றொன்றில் ரீசெட் செய்யும்போது சில விநாடிகள் அறுந்து திரும்பும். மின்சாரத்துக்கு இரண்டு, அலாரத்துக்கு இரண்டு என நான்கு வயர் கொண்ட ஸ்மோக் டிடெக்டர்களை இரண்டாவதில்தான் இணைக்க வேண்டும்; ஒருமுறை அலாரம் அடித்தால், மின்சாரம் அறுந்து வந்தால்தான் அவை பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு முந்திரிக் கிடங்கில் அவற்றை முதல் வகையில் இணைத்திருந்ததால், ஒருமுறை அடித்த அலாரம் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அடங்கவில்லை. பொறுமையிழந்த காவலாளி ஹூட்டர் வயரையே கழற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த டிடெக்டர்களின் பவர் வயர் வழியில் அறுந்தால் பேனலுக்குத் தானாகத் தெரியாது. கடைசி டிடெக்டரை அடுத்து ஒரு கண்காணிப்பு ரிலே (மின்சாரம் நின்றால் தானாக மாறும் சுவிட்ச்) போட்டால்தான் பேனல் ஃபால்ட், அதாவது பழுது, காட்டும். அதை மிச்சம் பிடித்தவர்களின் கட்டடங்களில் டிடெக்டர்கள் செத்துக் கிடக்க, பேனலில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ரிலே போட்ட இடத்திலும், நடுவில் கிளை பிரித்து வயர் இழுத்திருந்தால் அந்தக் கிளைக்குக் கண்காணிப்பு கிடையாது.

ஆகவே, பூட்டுக்கும் கேமராவுக்கும் தனிப் பேட்டரியுடன் தனி பவர் சப்ளை வையுங்கள். தீ வந்தால் பூட்டை விடுவிக்கப் பேனலின் ரிலே தொடர்பு மட்டும் போதும். ஆக்ஸ் முனையின் ஆம்பியர் வரம்பைக் கையேட்டில் பாருங்கள், ஊகிக்காதீர்கள். கட்டட உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: கேமரா போட வருபவரிடம் பேனலின் சாவியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் மெயினை அணைத்துப் பேட்டரியில் ஓட்டி, கடைசி டிடெக்டரின் பவர் வயரை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். மஞ்சள் ஃபால்ட் விளக்கு எரியாவிட்டால் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.