ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்: ஆட்கொணர்வு மனுவைத் திருகோணமலையிலேயே போடலாம்

மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வீட்டுக்கு இரவில் வந்து மகனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். விடிந்ததும் தாய் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்குகிறார், எல்லா இடத்திலும் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றே சொல்கிறார்கள். இந்த நிலைமைக்கென்றே இருப்பது ஆட்கொணர்வு மனு. ஆளை வைத்திருப்பவர் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும், எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறார் என்று காரணமும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நீதிமன்றம் விடுவிக்கச் சொல்லும்.

இதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்று நம் ஆட்களில் பலர் நினைத்து, பஸ் காசுக்கே வழியில்லாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை இந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது, சரி; ஆனால் 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி, ஆளை மாகாணத்துக்குள் வைத்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றமும் அதே கட்டளையைக் கொடுக்கலாம். அதனால் திருகோணமலை மேல் நீதிமன்றத்திலேயே போடலாம். உள்ளே இருப்பவர் கையெழுத்து வைக்கத் தேவையில்லை; தாயோ மனைவியோ சத்தியக்கடதாசியோடு போட்டால் போதும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

கைது செய்யும்போது காரணம் சொல்லவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணக் குற்றமென்றால், பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம், அப்புறம் தடுப்புக் கட்டளை வந்தால் மாதக்கணக்கில் நீளும். நீதவானே விளக்கமறியலில் வைக்கச் சொல்லியிருந்தால் பொதுவாக இந்த மனு உதவாது, பிணைதான் கேட்கவேண்டும்.

கைதே சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போடுவது வேறு வழி. அதற்கு ஒரே ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. திருகோணமலையிலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது, தயவுசெய்து நாட்களைக் கடத்தாதீர்கள்.

ஆட்கொணர்வு மனுவுக்கு அந்த ஒரு மாதத் தவணை இல்லை, ஆனால் விசாரணை இழுபடும். 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களுக்காக வீட்டார் போட்ட மனுக்களில், ஆட்களைக் கொண்டுவரச் சொல்லி வவுனியா மேல் நீதிமன்றம் கட்டளை கொடுத்தது 2022 டிசம்பரில்தான். ஆகவே கொண்டுபோன நேரம், வந்தவர்களின் உடை, வாகன இலக்கம், பார்த்த அயலவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் அதன் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.