ஒற்றைத் தலைவலியும் முன்காப்பு மருந்தும்: சொல் விளக்கம்

மைக்ரேன் கிரேக்கச் சொல். 'ஹெமி' என்றால் பாதி, 'கிரானியான்' மண்டையோடு. ஹெமிக்ரேனியா லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனபோது முதலெழுத்து தேய்ந்து மிக்ரேன் ஆனது. நம் 'ஒற்றைத் தலைவலி'யும் அந்தப் பாதியைத்தான் சொல்கிறது. ஆனால் பலருக்கு இருபுறமும் வலிக்கும். அதனாலேயே அது மைக்ரேன் இல்லை என்று ஆகிவிடாது. ஈழத்தில் சொல்லும் 'தலையிடி' எனக்குப் பிடிக்கும். விண்விண்ணென்று தெறிப்பது அதில்தான் கேட்கிறது.

சிக்கல் அடுத்த சொல்லில். வலி அடிக்கடி வராமலிருக்கக் கொடுப்பதைத் 'தடுப்பு மருந்து' என்கிறோம். உடனே தடுப்பூசி நினைவுக்கு வரும். ஒன்றிரண்டு தடவை போட்டால் போதும், அப்புறம் வராது என்று தோன்றும். இது அப்படியில்லை. மாத்திரை என்றால் தினமும் போட வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், வலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி. மருத்துவர்கள் சொல்லும் 'புரோஃபிலாக்ஸிஸ்' கிரேக்கத்தில் முன்னதாகக் காவல் காப்பது. 'ஃபிலாக்ஸ்' காவலாள். ஆகவே 'முன்காப்பு மருந்து' என்பதே என் தேர்வு.

இந்தக் காவலாட்களில் பழையவர்கள் பெரும்பாலும் வேறு வேலையிலிருந்து வந்தவர்கள். புரொப்ரனலால் இதயத்துக்கு வந்தது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. டோபிரமேட் வலிப்பு மருந்து. உடம்பு இளைக்கும், விரல் நுனி மரமரக்கும், சோடா சப்பென்று ஆகிவிடும், பேச்சில் தெரிந்த வார்த்தைகூட நாக்கில் நின்றுவிடும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் இதையும் இன்னொரு வலிப்பு மருந்தான வால்புரோயேட்டையும் தவிர்க்க வேண்டும். நம் ஊரில் அதிகம் எழுதும் ஃப்ளூனாரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வும் தரலாம்.

என் சித்திக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதினார்கள். இணையத்தில் 'மனச்சோர்வு மருந்து' என்று படித்துவிட்டு, "எனக்கென்ன மனநோயா?" என்று அட்டையைப் பிரிக்கவே இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு. இந்த அளவில் வாய் உலரும், காலையில் தூக்கம் சொக்கும். தூக்கமில்லாத ஒற்றைத் தலைவலிக்காரருக்கு அதுவே வசதி.

மைக்ரேனுக்கென்றே பிறந்தவை புதிய ஊசிகள். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் மாதம் ஒரு முறை போடுவது, விலைதான் கடிக்கும்.

இவை எதுவும் வலி மாத்திரை அல்ல. தலை தெறிக்கும்போது மட்டும் ஒரு புரொப்ரனலாலை விழுங்கினால் அந்த வலி அடங்காது.