சீரியல் டாக்டர் நாடி பிடிப்பார், கணவருக்கு மட்டும் டெஸ்ட் எழுத மாட்டார்

சீரியலில் மருமகள் மயங்கி விழுந்தால் போதும். டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு "விசேஷம்தான்" என்பார். நாடியை வைத்துக் கர்ப்பத்தை உறுதி செய்ய முடியாது என்பதை விட்டுத்தள்ளுங்கள், அதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அதே கதையில் இன்னொரு மருமகளுக்குக் குழந்தை இல்லை என்றால், ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே டாக்டர் "இனிமே உங்களால அம்மா ஆகவே முடியாது" என்று தீர்ப்புச் சொல்வார். என்ன டெஸ்ட் எடுத்தார், எதை வைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாமியார் அடுத்த காட்சியிலேயே மகனுக்கு இரண்டாவது பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார். நஷ்டம் இந்தக் காட்சியில்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். பெண்ணின் கோப்பில் கட்டுக்கட்டாக ஸ்கேன், இரண்டு முறை கருக்குழாய் எக்ஸ்ரே, ஒரு லேப்ராஸ்கோப்பி, மாதக்கணக்கில் கருமுட்டை வளர மாத்திரை. கணவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. கடைசியில் அவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்துப் பார்த்தால் விந்தணு மருந்துக்குக்கூட இல்லை. எந்தக் கருத்தரிப்பு மையத்துக்கும் இப்படிப்பட்ட கோப்பு புதிதல்ல. சில நூறு ரூபாயில் முடிகிற, ஊசிகூடக் குத்தாத ஒரு டெஸ்ட்டை முதல் வாரத்தில் எடுக்காததற்கு அந்தப் பெண் ஆறு வருஷம் கொடுத்திருக்கிறாள். கூடவே முப்பதுகளின் கருமுட்டைகளையும்.

படங்களில் இந்த டெஸ்ட் வந்தால் காமெடிக் காட்சியாகத்தான் வரும்: கையில் டப்பா, வாசலில் நண்பர்கள் சிரிப்பு, ஆண்மை பற்றி நாலு வசனம். ஆண்மைக்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமே இல்லை. இதை நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இங்கேதான் இடறுகிறார்கள். தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கலாம். வெளிவரும் விந்தில் விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம். பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் அதே திரவம் அதே போல வரும். ஆகவே அளவு, நிறம், கெட்டியா தண்ணியா என்பதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள். "எங்க பரம்பரையில யாருக்கும் இந்தக் குறை இல்ல டாக்டர்" என்பதும், "எனக்கு முதல் குழந்தை இருக்கே" என்பதும் மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. குழந்தைக்காக வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது.

டெஸ்ட்டுக்கு முன் உறவு இல்லாமல் இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை இடைவெளி வேண்டும். பத்து நாள் சேர்த்துவைத்தால் நல்லது என்று நினைப்பது தவறு, விந்தணுவின் அசைவு குறைந்துபோகும். லேபிலேயே எடுப்பது உத்தமம். வீட்டில் எடுத்தால் அரை மணி, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள், டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஏசி காரின் டேஷ்போர்டில் வைக்க வேண்டாம். எண்ணெய், சோப்பு, சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம், அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் ரிப்போர்ட் தப்பாக வரும், அந்தத் தப்பான ரிப்போர்ட்டுக்கு வைத்தியமும் நடக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ்வரம்பு: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணு, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் உள்ளவை 4 சதவீதம். ஆம், நான்குதான். "96 பெர்சென்ட் அப்நார்மல்" என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்கள் ஏராளம். ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் அதுவே முடிவு அல்ல, திரும்ப எடுக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால், போன மாதம் அடித்த டெங்கு காய்ச்சல் இந்த மாத ரிப்போர்ட்டில் தெரியும். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, உற்பத்தியையே நிறுத்திவிடும். தம்பிகளே, கல்யாணம் ஆகாவிட்டாலும் இது உங்களுக்கும்தான்.

பூஜ்யம் என்று வந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. வழியில் அடைப்பு என்றால் விரையிலிருந்தே ஊசியால் எடுக்கலாம். ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணு போதும், அதை ஊசியால் முட்டைக்குள் செலுத்திவிடலாம் என்கிற இக்சி முறை 1992-லேயே பிரஸ்ஸல்ஸிலிருந்து அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு அவர் முதலில் டெஸ்ட்டுக்கு வர வேண்டும்.

இனி திரையில் காட்டுகிற ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கி உள்ளே வைக்கும் முறை. சிவப்பு விளக்கு எரியும், கதவு திறக்கும், "சக்சஸ்!" அடுத்த ஷாட்டில் வளைகாப்பு, பெரும்பாலும் இரட்டைக் குழந்தை. நிஜத்தில் மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனில் தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி, நடுநடுவே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பிறகு முட்டையை முதிரவைக்கும் டிரிகர் ஊசி. இதை மட்டும் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். திங்கள் இரவு 10 மணிக்குப் போட்டால், சுமார் 36 மணி நேரம் கழித்து, புதன் காலை 10 மணிவாக்கில் கருமுட்டை எடுப்பார்கள். முன்கூட்டி எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது, பிந்தினால் வெடித்து வெளியேறிவிடும். ஊசி போட இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டதா? உடனே போன் செய்து சொல்லுங்கள், ஆபரேஷன் தியேட்டர் நேரத்தை மாற்றிவிடலாம். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். திட்டத்தான் செய்வோம், ஆனால் முட்டை பிழைக்கும்.

எடுத்த முட்டையெல்லாம் குழந்தை ஆகாது. பத்து எடுத்தால் எட்டுதான் முதிர்ந்திருக்கும், அதில் ஐந்தாறு கருவாகும், ஐந்தாம் நாள் கையில் நிற்பது இரண்டோ மூன்றோ. 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கே ஒரு கரு வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்ற அளவில்தான். 43-க்கு மேல் சொந்த முட்டையில் நூற்றுக்கு ஐந்தும் தேறாது. திரையில் தோற்றுப்போன சிகிச்சைச் சுற்றைக் காட்டுவதே இல்லை என்பதால்தான், முதல் முறை தோற்றதும் "என் உடம்புலதான் ஏதோ தப்பு" என்று பெண்கள் உடைந்துபோகிறார்கள்.

கருவை உள்ளே வைப்பது மெல்லிய குழாயில் சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். எழுந்து பாத்ரூம் போகலாம், கரு வழுக்கி விழாது. பதினைந்து நாள் காலைத் தூக்கிக்கொண்டு படுக்கவைப்பது சினிமா வைத்தியம். அதனால் பலன் கூடுவதில்லை, நடமாட்டமில்லாமல் காலில் ரத்தம் கட்டும் ஆபத்துதான் கூடும். ரத்தப் பரிசோதனைத் தேதிக்கு முன்னால் வீட்டுக் கிட்டில் பார்க்காதீர்கள். டிரிகர், எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஊசியாக இருந்தால் அதுவே பல நாள் உடம்பில் நின்று இரண்டு கோடு காட்டும். இனிப்பு கொடுத்துவிட்டு அழவேண்டி வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணத்துக்காகக் கல்யாணமாகாத கதாநாயகி பெரிய வீட்டு வாரிசைச் சுமப்பது இன்று குற்றம். 2021 வாடகைத் தாய் சட்டப்படி சுமப்பவர் திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ள, 25 முதல் 35 வயதுப் பெண்ணாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான். மருத்துவச் செலவும் காப்பீடும் தவிரப் பணம் கைமாறக் கூடாது. அவருடைய கருமுட்டையைப் பயன்படுத்தவும் கூடாது. ஆகவே, குழந்தை அவர் சாயலில் பிறந்து நாலாம் வாரம் குட்டு உடைவதற்கும் வழியில்லை. கணவருக்குத் தெரியாமல் ஐவிஎஃப் என்பதும் கதைக்குத்தான், எழுத்துப்பூர்வ சம்மதம் இருவரிடமும் வாங்க வேண்டும். சாம்பிள் மாறிவிடுமோ என்ற பயம் இருந்தால் டப்பாவில் உங்கள் பெயரும் எண்ணும் சரியா என்று நீங்களே படித்துப் பார்த்துக் கொடுங்கள். நல்ல லேபில் ஒவ்வொரு கட்டத்திலும் இருவர் சேர்ந்துதான் சரிபார்ப்பார்கள்.

திரையில் வயிறு பெரிதானால் சந்தோஷம். முட்டை எடுத்த ஓரிரு வாரத்துக்குள் உங்கள் வயிறு உப்பினால் அது சந்தோஷமான சமாச்சாரம் அல்ல. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதாக இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள், வயது குறைந்தவர்கள், நிறைய முட்டை வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நிற்காமல் வாந்தி வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ ராத்திரி இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். "கேஸ் டிரபிள்தான், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.